முள்ளு பொட்டுக்குக் கீழ எறங்கக் கூடாது

முள்ளு பொட்டுக்குக் கீழ எறங்கக் கூடாது, அவ்வளவுதான், இதுக்கு என்ன பெரிய படிப்பா வேணும்னு சொல்லிட்டு நாடிமுத்து கெளம்பிட்டான். சொல்றவனுக்கு என்ன வலிக்குது. ரெண்டு காலிக் கேனை எடுத்துக் கட்டிக்கிட்டு, இரவல் பைக்குல ஏறி, டீசல் தேடிப் போயிட்டான் மகராசன். பொண்டாட்டி தவமணி பிக்கப் வண்டியோட டிரைவர் சீட்டுல, நாப்பத்தஞ்சு வயசுல மொதமொதலா, ஒக்காந்துக்கிட்டு மீட்டரையே மொறச்சுக்கிட்டிருக்கா. வண்டி எங்கயும் போவல. நின்ன எடத்துலயே நின்னுக்கிட்டு ஓன்னு கத்துது, ரேசுல வெச்சிருக்கு. சும்மா ஸ்டார்ட் பண்ணி விட்டா வண்டி அதுபாட்டுக்கு டுக்கு டுக்குன்னு நிக்கும், ஆனா அந்தக் கரண்டு பத்தாது. முள்ளு ஒன்னத் தாண்டி மூணு கோடு ஏறி நின்னாத்தான் வண்டியிலேருந்து வயரு வழியா வீட்டு இன்வெர்ட்டருக்கு வேணுங்கறது போயி, அங்கேருந்து மூத்தாரு ரூமுல இருக்கிற ஆக்சிஜன் மெஷினு ஓடும். அந்த மூணாவது கோட்டுல அடையாளத்துக்கு, தவமணியோட பொட்டு அட்டையிலேருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டப் பிச்சு மீட்டர் கண்ணாடியில ஒட்டி வெச்சிருக்கான். கேட்டானா? கேக்கல. புயலடிச்சு ஆறு நாளாச்சு, ஊர்ல ஒரு போஸ்டு மரம் நேரா நிக்கல, கரண்டு எப்ப வரும்னு கேட்டா லைன்மேன் சிரிக்கிறான். ஸ்டீரிங்குக்குக் கீழ ஒரு கருப்புக் குமிழு, டிராக்டர்லேருந்து கழட்டி மாட்டினது, இழுத்தா ரேஸ் ஏறும், இழுத்த எடத்துல நிக்கணும். நிக்காது. வண்டி குலுங்கக் குலுங்க மெல்ல உள்ள போவும். துணிக் கிளிப்பு போட்டுப் பாத்தான், கயிறு கட்டிப் பாத்தான், குமிழு நின்னாலும் உள்ள இருக்கிற கம்பி வழுக்குது. அதனால ஒரு ஆளு ஒக்காந்து அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா இழுத்து விட்டுக்கிட்டே இருக்கணும். அந்த ஆளு இவ. வேற யாரு இருக்கா இந்த வீட்டுல ஆளுன்னு.

அந்த மெஷினு ஓடினாத்தான் மூத்தாரு வைரக்கண்ணுவுக்கு மூச்சு. புருசன் கூடப்பொறந்த அண்ணன், அறுவத்தெட்டு வயசு, நுரையீரல் ரெண்டும் சுருங்கிப் போயி, மூக்குல குழாய மாட்டிக்கிட்டு ரெண்டு வருசமா அந்த மெஷினோடதான் குடும்பம் நடத்துறாரு. ஆஸ்பத்திரிக்குப் போவலாம்னு கையில கால்ல விழுந்து பாத்தான் தம்பிக்காரன். செத்தா என் கட்டில்ல சாவேன், ஆம்புலன்சுல சாவ மாட்டேன்னுட்டாரு. பேசறதுக்கு மூச்சு இல்ல, வீம்புக்கு மட்டும் எங்கேருந்துதான் காத்து வருமோ. இவ அவரு சாவறதப் பத்தியும் பேசல, இருக்கறதப் பத்தியும் பேசல, பேசவும் முடியாது. இந்த வீட்டு வழக்கப்படி மூத்தாரும் தம்பி பொண்டாட்டியும் மூஞ்சி பாத்துப் பேசக் கூடாது. கல்யாணமாயி இருவத்திரெண்டு வருசத்துல ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, நேரா பேசினதில்ல. அவரக் கூப்புட ஒரு மொறப் பேரு கூட இவ வாயில இல்ல. அவரு கூடத்துல ஒக்காந்து தூணப் பாத்து, "யாராச்சும் தண்ணி கொண்டாந்தா நல்லாருக்கும்"பாரு. யாராச்சும்! அவரு பொண்டாட்டி போயி நாலு வருசமாச்சு, மவ கௌசல்யா திருப்பூர்ல, வீட்டுல பொம்பளன்னு இருக்கிறது இவ ஒருத்தி. இவ சொம்பக் கொண்டாந்து வெச்சுட்டு அடுப்பப் பாத்து, "கஞ்சி ஆறிப் போவுது, சாப்புடறவுங்க சாப்புடலாம்"பா. பூனை ஒன்னு இருந்துச்சு. அது இருந்தவரைக்கும் ரெண்டு பேரும் பூனைக்கிட்டப் பேசினாங்க, அது செத்தப்பறம் தூணுதான். போறதுக்கு முன்னாடி நாடிமுத்து அண்ணன் கட்டில்ல ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் வெச்சான். "மூச்சு முட்டுச்சுன்னா தட்டுங்கண்ணே, அவ வந்துருவா"ன்னான். ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் பாத்துக்கிட்டுத் தலையாட்டினாங்க. வண்டி இந்தக் கத்துக் கத்துறப்ப தட்டுச் சத்தம் எங்கேருந்து கேக்கும்னு மூணு பேருல ஒருத்தருக்காச்சும் தோணுச்சா? இவ வண்டியில ஏறிக் கதவச் சாத்திக் குமிழ இழுத்ததுக்கு அப்புறந்தான் தோணுச்சு. அதுக்குள்ள அவன் பைக்கு தெரு முக்குத் திரும்பிருச்சு. தட்டுச் சத்தம் கேக்கணும்னா ரேசக் கொறைக்கணும், ரேசக் கொறைச்சா மெஷினு நின்னுரும். நல்லா யோசிச்சாங்க யோசனை!

இழு. இழுத்தா. முள்ளு பொட்டத் தாண்டி ஏறி நின்னுச்சு. தொடையெல்லாம் நடுங்குது, சீட்டு நடுங்குது, பல்லு கூட நடுங்குது. கண்ணாடிக்கு வெளிய தென்னந்தோப்பு, தோப்புன்னு சொல்றது என்ன, இருவத்தெட்டு மரமும் மேக்க தலைய வெச்சுப் படுத்துக் கெடக்கு. ஈ மொய்க்குது. எளநி அழுகின வாடையும் டீசல் வாடையும் சேந்து தொண்டையில நிக்குது. இழுக்காம விட்டா என்ன? யோசனைய அவ கூப்புடல, அதுவா வந்து பக்கத்துச் சீட்டுல ஒக்காந்துருச்சு. ஒன்னும் செய்ய வேணாம். குத்த வேணாம், கலக்க வேணாம், கழுத்த நெரிக்க வேணாம். கைய மடியில வெச்சுக்கிட்டு சும்மா இருந்தாப் போதும். குமிழு அதுவா உள்ள போவும், முள்ளு அதுவா எறங்கும், மெஷினு ரெண்டு தடவை கீங் கீங்ன்னு கத்திட்டு நிக்கும். தூங்கிட்டேன்னு சொல்லலாம். ஆறு நாளா தூக்கம் ஏது, யாரு கேட்டாலும் நம்புவாங்க. சீ, என்ன புத்தி இது. ஏன், என்ன சீ? அவரு மட்டும் என்ன செஞ்சாரு, அவரும் ஒன்னும் செய்யலதானே. ஒரு சேதியக் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தாரு. கைய மடியில வெச்சுக்கிட்டு. எட்டு மணியிலேருந்து மூணு மணி வரைக்கும்.

பதினாறு வருசத்துக்கு முன்னாடி. கௌசல்யா சடங்கு. அப்ப இந்தத் தெருவுக்கே ஒரு போனு, இந்த வீட்டுக் கூடத்துல, துணி போட்டு மூடி வெச்சிருப்பாங்க. காலையில எட்டு மணிக்கு வேதாரண்யம் பக்கத்துலேருந்து, இவ பொறந்த வீட்டுலேருந்து போனு வந்திருக்கு. தம்பி மதியழகன் விடியக்காலையில பைக்குல வந்து ரோட்டுல நின்ன மாட்டு மேல மோதிச் செத்துட்டான். இருவத்திமூணு வயசு. தட்ட நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே சாப்புடுவான், ஒக்காருடான்னா, "யக்கா, ஒக்காந்தா எறங்க மாட்டேங்குது"ம்பான். அந்தப் புள்ள செத்துப் போயி, அறுத்துத் தைச்சு வெள்ளத்துணியில சுத்திக் கொண்டாந்து வாசல்ல போட்டு, அக்கா வந்துரும் அக்கா வந்துரும்னு நாலு மணி வரைக்கும் வெச்சிருந்திருக்காங்க. அக்கா இங்க பந்தியில பாயசம் ஊத்திக்கிட்டிருந்தா. இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு வம்பு பண்ணி ஊத்திக்கிட்டிருந்தா. மூணு மணிக்கு மேல, பந்தி முடிஞ்சு எலையெல்லாம் எடுத்தப்பறம், நாடிமுத்து வந்து கையப் புடிச்சு வண்டியில ஏத்தினான். போயிச் சேந்தப்ப ஆறரை. வாசல்ல தண்ணி ஊத்திக் கழுவி விட்டிருந்தாங்க. சித்திதான் சொன்னா, "காலையில எட்டு மணிக்கே போன் போட்டாச்சேடி, ஒன் மூத்தாருதான் எடுத்தாரு, சரி சொல்லிர்றேன்னாரே"ன்னு. நல்ல காரியத்துல எழவுச் சேதி வேணாம்னு அமுக்கிட்டாரு மனுசன். எங்க அண்ணன் என்கிட்டயே மூணு மணிக்குத்தாண்டி சொன்னாருன்னு நாடிமுத்து தலையில அடிச்சுக்கிட்டு அழுதான். ஒரு வாரம் அண்ணன்கிட்ட பேசாமக் கூட இருந்தான். அப்புறம் பேசிட்டான். ரத்தம்ல.

அதோட விட்டாங்களா. சீடி. அந்த சடங்கு சீடி. எவன் கண்டுபுடிச்சானோ அந்த வீடியோவ, அவன் கையில கட்டி மொளைக்க. பொங்கலுக்குப் பொங்கல் விருந்தாளி வந்தா மூத்தாரு அதப் போடச் சொல்லுவாரு, எல்லாரும் சுத்தி ஒக்காந்து பாப்பாங்க, கௌசல்யாவப் பாரு, சீர்த்தட்டப் பாரு, செத்துப்போன பெரியத்தையப் பாருன்னு. அதுல தவமணியும் வருவா. பாயச வாளியத் தூக்கிக்கிட்டு, பச்சைப் பட்டு, வாயெல்லாம் பல்லு. கீழ மணி ஓடும், பன்னெண்டு முப்பத்தெட்டு. தம்பிய ஆஸ்பத்திரியிலேருந்து எறக்கி வாசல்ல போட்ட நேரம். அந்த எடம் வந்தா இவ அடுப்படிக்குப் போயிருவா. அங்கயும் அந்தச் சிரிப்புச் சத்தம் கேக்கும், இவளோட சிரிப்புத்தான், இப்ப அந்த மாதிரிச் சிரிக்கக் கூட வராது. ஒரு நாளு சீடிய எடுத்து அடுப்புல போட்டா. பிளாஸ்டிக்கு நாத்தம் மூணு நாளு போவல. மூத்தாருகிட்ட இன்னொரு சீடி இருந்துச்சு. இழு. முள்ளு எறங்குது. எறங்கட்டுமே. பொட்டத் தொட்டுருச்சு. இழுடி. இழுத்தா. இழுத்த கையப் பாத்தா, அவ கைதான், ஆனா எதுக்கு இழுத்துச்சுன்னு அதுக்கிட்டத்தான் கேக்கணும். புண்ணியத்துக்குன்னு நெனச்சுக்காதீங்க. புருசனுக்குப் பயந்தும் இல்ல. அந்தாளு சாவக் கூடாது. இப்பச் சாவக் கூடாது, சொல்லாமச் சாவக் கூடாது. ஆமா, நான்தான் மறைச்சேன், ஒன் தம்பி மொகத்த நீ பாக்க விடாமப் பண்ணேன்னு அவரு வாயால ஒருக்காச் சொல்லணும், இவ காதால கேக்கணும், அதுக்கப்பறம் எக்கேடோ கெட்டுப் போவட்டும். பதினாறு வருசமா இதுக்குத்தான் கஞ்சி காச்சிக் காச்சி வெச்சிருக்கா. தூணப் பாத்து எப்படிக் கேக்கறது இத? பூனைக்கிட்டச் சொல்லியா கேக்கறது? கேக்கவும் மாட்டா, விடவும் மாட்டா. அவரு போயிட்டா யாருகிட்டப் போயிக் கோவப்படறது.

தட்டுதா? எஞ்சின் சத்தத்துக்குள்ள டங்குன்னு ஒன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. இல்ல, பின்னாடி சாமான் ஏத்துற டாலாவுல சங்கிலி ஆடுது. டங். சங்கிலிதான். சங்கிலி இப்படி மூணு தடவை விட்டு விட்டு ஆடுமா? ரேசக் கொஞ்சமாக் கொறைச்சுக் கேட்டுப் பாத்தா என்ன, ஒரு நொடி. ஒரு நொடியில மெஷினு நின்னு, நின்ன மெஷினு மறுபடி ஓடலன்னா? காலையில அப்படித்தான் ஒருக்கா நின்னு கால்மணி நேரம் அடம் புடிச்சுது, அந்தக் கால்மணியில அவரு ஒதடு நாவப்பழம் தின்ன மாதிரி ஆயிருச்சு. நாடிமுத்து சின்னப் புள்ள மாதிரி அழுதான். அவன் எங்க போயித் தொலைஞ்சான்? ரெண்டு மணிக்கு வந்துருவேன்னான், இப்ப ரெண்டே முக்கால். டீசல் முள்ளும் கீழ வந்துருச்சு. ரெண்டு முள்ளு, ஒரு குமிழு, ஒரு பொட்டு, இதுக்குள்ள அந்தாளு உசுரு. வண்டியில அவ காலு எட்டாத எடத்துல என்னென்னமோ மிதிக்கட்டை இருக்கு, எது எதுக்குன்னே தெரியாது. பயந்தான், வேற என்ன, பயமும் கோவமும் ஒன்னா வந்தா மூத்திரம் முட்டுது, எறங்கிப் போவவும் வழியில்ல.

சன்னல்ல ஒரு மூஞ்சி. எதுத்த வீட்டு வளர்மதி, கையில ரெண்டு செல்போன்.

"ஏ தவமணி! தவமணியோவ்! காது என்ன அவிஞ்சா போச்சு? இந்த ரெண்டு போனையும் அதுல கொஞ்சம் சொருவி விடேன்."

"இது என்ன சார்ஜ் போடற கடையா? உள்ள ஒரு ஆளு மூச்சு இதுல ஓடிக்கிட்டிருக்கு."

"ரெண்டு போனுக்கா மூச்சு கொறஞ்சுரப் போவுது? துபாயிலேருந்து என் மவன் ஆறு நாளா கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்துட்டு அழுதுக்கிட்டுக் கெடப்பான்டி. மொட்டமாடியில நின்னா டவரு ஒரு கோடு வருதாம்."

"வரட்டும். எங்க வீட்டுக்காரரு வந்தப்பறம் அவருகிட்டக் கேளு. நான் எதையும் தொட மாட்டேன்."

"ஆமா, பெரிய ஏரோப்பிளேனு ஓட்டுறா, தொட மாட்டாளாம்." வளர்மதி முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டா. "இந்தப் பொகையில எப்படித்தான் ஒக்காந்திருக்கியோ. காலையில எங்க வீட்டுக்குள்ள அடிச்சுச்சு. இப்பக் காத்து திரும்பிருச்சு, பாரு, ஒங்க மூத்தாரு சன்னலுக்குள்ளயே போவுது. மூச்சு வாங்குற மனுசனுக்கு நல்ல வைத்தியம்தான் பண்றீங்க."

சொல்லிட்டு அவ போயிட்டா. தவமணி கதவுக் கண்ணாடியில பாத்தா. உண்மைதான். வயரு நீளம் பத்தாதுன்னு வண்டி மூக்க சன்னல்கிட்டயே கொண்டாந்து நிறுத்தியிருக்கான் நாடிமுத்து, பொகைக் குழா பின்னாடிதான் இருக்கு. காலையில காத்து மேக்கேருந்து வந்துச்சு, பொகை தெருவப் பாக்கப் போச்சு. இப்ப கெழக்கேருந்து கடக்காத்து. தடுக்க ஒரு மரம் நிக்கல. பொகை வண்டியோட வயித்தத் தடவிக்கிட்டு அப்படியே முன்னாடி வந்து, கம்பிக்குக் கம்பி நுழைஞ்சு உள்ள போவுது. எவ்வளவு நேரமா? அரைமணியா, ஒருமணியா? அப்பக் கேட்டது சங்கிலி இல்ல. இருமட்டும். கொஞ்ச நேரம் இருமட்டும், தப்பில்ல. தட்டட்டும், தட்டித் தட்டிக் கை வலிக்கட்டும், ஒருத்தி வருவாளான்னு வாசலப் பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும். எங்க அம்மா அப்படித்தானே ரோட்டப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா. ஒவ்வொரு வண்டிக்கும் எந்திரிச்சு நின்னாளாம். இவ ஒக்காந்தே இருந்தா. எவ்வளவு நேரம்னு அப்புறம் யாரு கேட்டாலும் சொல்ல முடியாது, ஒரு நிமிசமா இருக்கலாம், குமிழ ரெண்டு தடவை இழுத்த ஞாவகம் இருக்கு, அப்ப பத்து நிமிசம்னு கூட வெச்சுக்கலாம். கடக்காத்துல அவரோட சட்டையில்லாத மாரு மேல பொகை போயி ஒக்கார்றது பாக்காமயே கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. சுகமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லுவானேன். அப்புறம் சட்டுன்னு தோணுச்சு. செத்துட்டா? இப்பவே, இந்த நிமிசமே செத்துட்டா? பொகையில செத்தா மெஷினு ஓடினா என்ன ஓடாட்டி என்ன. சொல்லாமப் போயிட்டாருன்னா? குமிழ இருக்கிற வரைக்கும் இழுத்தா. முள்ளு பொட்ட விட்டு எங்கயோ மேல போயி நின்னு துடிச்சுச்சு, வண்டி அலறுச்சு. இந்த இழுப்புக்குப் பத்து நிமிசமாச்சும் தாங்கும். கதவத் தொறந்து குதிச்சா. காலு மரத்துப் போயி மண்ணுல முட்டி போட்டு விழுந்து, எந்திரிச்சு ஓடுனா.

ரூமு வாசப்படியில காலு தானா நின்னுச்சு. இருவத்திரெண்டு வருசப் பழக்கம். இந்தப் படியத் தாண்டி, அவரு படுத்திருக்கப்ப, அவ உள்ள போனதில்ல. கஞ்சிய வெக்கிற முக்காலி கூடப் படிக்கு இந்தப் பக்கந்தான் இருக்கும். உள்ள ஒரே மூட்டமா இருக்கு. தட்டு கீழ கெடக்குது. அவரு கட்டில்ல முன்னாடி குனிஞ்சு ஒக்காந்துக்கிட்டு, கரண்டியால கட்டில் கம்பியத் தட்டிக்கிட்டிருக்காரு, தட்டுறாருன்னு கூடச் சொல்ல முடியாது, கரண்டி அதுவா விழுந்து விழுந்து எந்திரிக்குது. தோளு ரெண்டும் காது வரைக்கும் ஏறி ஏறி எறங்குது. தவமணி படியத் தாண்டினா. சன்னல் கதவ வயருக்கு எடம் விட்டுச் சாத்தி, மிச்ச எடத்துல போர்வையச் சுருட்டித் திணிச்சு, கொல்லைக் கதவப் படார்னு தொறந்து விட்டா. முந்தானையால வீசினா. யாருக்கு வீசுறோம்னு ஒரு கை யோசிக்குது, இன்னொரு கை வீசிக்கிட்டே இருக்கு. பொகை கொஞ்சங் கொஞ்சமா வெளிய போச்சு. அவரு நிமிந்தாரு. கண்ணு ரெண்டும் செவந்து தண்ணியா ஊத்துது. செவுத்தப் பாக்கல, மேல பாக்கல. அவளத்தான் பாத்தாரு.

"எவ்வளவு நேரமா... தட்டுறேன்."

"கேக்கல." அவளும் அவரப் பாத்துத்தான் சொன்னா. சொன்னப்பறந்தான் சொன்னது தெரிஞ்சுச்சு. அப்புறம் வாயி நிக்கல. "நீங்க சாவறதுக்கு முன்னாடி எனக்கு ஒன்னு தெரியணும். கௌசல்யா சடங்கன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு எங்க வீட்டுலேருந்து போனு வந்துச்சு. என் தம்பி செத்துட்டான்னு. எடுத்தது நீங்க. ஏன் என்கிட்டச் சொல்லல?"

அவரு அவளையே பாத்தாரு. கேள்வி புரியாத மாதிரி இல்ல, இந்தக் கேள்விய ஏன் தன்கிட்டக் கேக்கறான்னு புரியாத மாதிரி. மூச்ச ரெண்டு தடவை இழுத்துச் சேத்து வெச்சுக்கிட்டாரு.

"ஒன்கிட்ட நான்... எப்படிச் சொல்லுவேன்? நம்ம ரெண்டு பேரும்தான்... பேசறதில்லயே."

முந்தானைய வீசுன கை நின்னுச்சு.

"நாடிமுத்துகிட்டச் சொன்னேன். போன வெச்ச கையோட. கொல்லையில... பாத்திரம் எறக்கிக்கிட்டிருந்தான். அவளக் கூட்டிக்கிட்டு இப்பவே கெளம்புடான்னேன்." திரும்ப மூச்சு. "அவன்தான்... பந்தி முடியட்டும்ண்ணே, இப்பச் சொன்னா அவ கூப்பாடு போடுவா, புள்ள விசேஷம் கெட்டுரும்னான். நானும் சரின்னுட்டேன். என் மவ விசேஷம்ல. அந்தத் தப்பு என்னுதுதான். ஆனா சொல்லாம இல்ல. எட்டு மணிக்கே... சொல்லிட்டேன்."

"பதினாறு வருசமா இத ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா?" அப்படின்னாரு. கோவமா இல்ல, சாதாரணமாத்தான் சொன்னாரு.

மெஷினு கீங்ன்னுச்சு. குமிழு பத்து நிமிசம் தாங்கல, அஞ்சு கூடத் தாங்கல. கீங். தவமணி ஓடினா. வாசப்படி, கூடம், தெரு, வண்டி. ஏறி ஒக்காந்து இழுத்தா, முள்ளு தடுமாறி மேல வந்து நின்னுச்சு. உள்ள கீங் நின்னுருச்சா இல்லயான்னு கேக்கல, ஆனா சன்னல் இடுக்குல மெஷினோட பச்சை வெளிச்சம் தெரிஞ்சுச்சு. ஒக்காந்தா. யோசிக்க ஒன்னுமில்ல, எல்லாம் தானா வருது. வண்டியில கூட்டிக்கிட்டுப் போறப்ப மூணு மணிநேரமும் அவன் பேசாம வந்தான், துக்கத்துல பேசலன்னு நெனச்சா. எங்க அண்ணன் என்கிட்டயே மூணு மணிக்குத்தான் சொன்னாருன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதான், அந்தத் தலைய இவதான் புடிச்சு, விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்கன்னு சொன்னா. இவ சொன்னா! தம்பி செத்த அன்னிக்கு இவ அவனத் தேத்தினா! பதினாறு வருசம் ராத்திரி ராத்திரி மூத்தாரத் திட்டித் தீத்தப்ப, அவரு கொணம் அப்படி, விடு, விடுன்னு முதுகத் தடவினான். நெசமாவே விட்டுருவாளான்னு நோட்டம் பாத்தும் இருப்பான். அண்ணன் பேச மாட்டாரு, பொண்டாட்டி கேக்க மாட்டா, நடுவுல நிக்கிறவன் ஒருத்தன்தான், அவன் சொல்றதுதான் ரெண்டு பேருக்கும் சேதி. காலையில அண்ணனுக்காக அழுதானே, அதுவும் நெசந்தான். அப்ப எதுதான் பொய்யி? வாளியோட பந்தியில போறப்ப பந்தல்கால்கிட்ட நின்னு இவளயே பாத்துக்கிட்டிருந்தான் அன்னிக்கு. பச்சைப் பட்டு நல்லாருக்குன்னு பாக்கறான்னு நெனச்சு வெக்கப்பட்டா. த்தூ. பாழாப் போன வெக்கம். அப்ப அவன் என்னத்தப் பாத்துக்கிட்டிருந்தான், தெரிஞ்சுருச்சோ தெரிஞ்சுருச்சோன்னா?

பைக்குச் சத்தம் அவளுக்குக் கேக்கல. தெரு முக்குல மண்ணு பறக்கிறது தெரிஞ்சுச்சு, அப்புறம் ரெண்டு பக்கமும் தொங்குற கேனு, அப்புறம் நாடிமுத்து. சிரிச்சுக்கிட்டே வர்றான். எறங்கி ஒரு கேன ஒசத்திக் காட்டினான். வண்டிக்கிட்ட வந்து கதவத் தொறந்தான், வேர்வையும் டீசலுமா அடிச்சுச்சு.

"கெடைச்சுருச்சு! மூணு பெட்ரோல் பங்கு சுத்தினேன்! எறங்கு, நான் பாத்துக்கறேன்!"

அவ எறங்கல.

"மதி செத்தது ஒங்களுக்கு எத்தன மணிக்குத் தெரியும்?"

"என்னது?" காதுக்கிட்டக் கையக் கொண்டு போனான்.

"என் தம்பி செத்தது! எட்டு மணியா, மூணு மணியா?"

இப்ப கேட்டுச்சு. கேட்டது மூஞ்சியில தெரிஞ்சுச்சு. சன்னலப் பாத்தான், திணிச்சு வெச்ச போர்வையப் பாத்தான், அவளப் பாத்தான். கேனக் கீழ வெச்சான். வாயத் தொறந்து என்னமோ சொன்னான், ஒதடுதான் அசைஞ்சுது. எதுத்த வீட்டு மொட்டமாடியில வளர்மதி செல்போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னவ, கைய எறக்கிட்டு இங்கயே பாத்தா. நாடிமுத்து உள்ள எட்டி, ரேசக் கொறைக்கக் குமிழுகிட்டக் கையக் கொண்டு போனான்.

தவமணி அந்த மணிக்கட்டப் புடிச்சா.

"கொறைக்கக் கூடாது. உள்ள அவருக்கு மூச்சு நின்னுரும்."

"தவமணி, உள்ள போயிப் பேசிக்கலாம்..."

"கேக்கல," அவ கைய விடல. "கத்திச் சொல்லுங்க."